துப்பாக்கி இருக்கிறது, மாட்டைக் காணோம்

பள்ளி மாறுவேடப் போட்டிக்குத் தம்பி மகன் கௌபாய் வேஷத்தில் கிளம்பினான். அகலத் தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கட்டம் போட்ட சட்டை, இடுப்பின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் துப்பாக்கி. எல்லாம் வாடகைக் கடையில் ஒரே செட்டாகக் கிடைத்தது. திண்ணையில் இருந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது என்னடா வேசம்?" என்றாள். "கௌபாய் அப்பத்தா. அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவங்க." அம்மா ஆயுசில் பாதியைத் தொழுவத்தில் கழித்தவள். "மாடு மேய்க்கிறவன் கையில கயித்தையும் காணோம், கம்பையும் காணோம். துப்பாக்கி எதுக்கு, மாட்டைச் சுடவா?" என்று கேட்டாள். பையன் என்னைப் பார்த்தான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வழக்கம்போல ஒரு திருவள்ளுவருக்குப் போனது.

அம்மா கேட்டது மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. என் தலைமுறைக்குக் கௌபாய் அமெரிக்காவிலிருந்து நேராக வந்தவன் அல்ல. இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் வரையப்பட்டு, சிவகாசியில் அச்சாகி, பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கியவன். எனக்கு முந்தைய தலைமுறைக்கு அவன் ஜெய்சங்கர் முகத்தோடு, கர்ணன் இயக்கிய படங்களில் குதிரையேறி வந்தான். பழைய காமிக்ஸ் கட்டை இறக்கி வைத்து ஒருநாள் மாட்டைத் தேடினேன். வங்கிக் கொள்ளை, ரயில் கொள்ளை, தங்கச் சுரங்கம், ஊழல் ஷெரீப், நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பது எல்லாம் இருந்தன. மாடு எங்காவது வேலிக்குப் பின்னால் பொட்டு மாதிரித் தெரிந்தால் உண்டு. அதை யாரும் மேய்க்கவில்லை. நம்மூர் வாசகர்களின் பெரிய நாயகன் டெக்ஸ் வில்லரே ஒரு ரேஞ்சர். நாம் கௌபாய் என்று கொண்டாடியவர்களில் பாதிப்பேர் உண்மையில் போலீஸ்காரர்கள்.

மாடு எப்போது, ஏன் படத்தை விட்டுப் போனது? இதைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது தொழில் வரலாறு என்றுதான் நினைத்தேன். அது சம்பளத் தகராறில் கொண்டுபோய் விட்டது.

சொந்தம் என்று ஒரு சேணம்

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் பார்க்க ஆளில்லாமல் பெருகிக் கிடந்த நீண்ட கொம்பு மாடுகள் சுமார் 50 லட்சம் என்பார்கள். அங்கே ஒரு மாட்டுக்கு 3 அல்லது 4 டாலர். அந்த விலைக்கும் ஆள் கிடையாது. வடக்குச் சந்தைகளில் அதே மாட்டுக்கு 30, 40 டாலர். இடையில் நூற்றுக்கணக்கான மைல், ரயில் இல்லை. மாட்டுக்குக் கால் இருக்கிறதே, நடத்திக் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தார்கள். கௌபாய் என்கிற தொழிலாளி பிறந்தது அந்த விலை வித்தியாசத்தில்தான். 1867-ல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸின் அபிலீன் என்னும் குக்கிராமத்தில் ரயில் பாதையோரம் பட்டி கட்டினார். அந்த ஆண்டே சுமார் 35,000 மாடுகள் வந்து இறங்கின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேலான மாடுகள் இப்படி வடக்கே நடந்து போயின.

வேலையை அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சுருக்குக் கயிறு வீசுவது, அந்தக் கயிற்றின் நுனியைக் கட்ட முன்னால் கொம்பு வைத்த சேணம், முட்புதரிலிருந்து தொடையைக் காக்கும் தோல் உறை, வசந்தத்தில் கன்றுகளை வளைத்துச் சூடு போடுவது எல்லாமே மெக்சிகோவின் வக்கேரோக்கள் என்னும் மாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது. டெக்சாஸ்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். பிறகு வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலிக்கு அந்தக் கற்றுக்கொடுத்தவர்களையே வேலைக்கு வைத்தார்கள்.

ஒரு மந்தையில் 2,000 முதல் 3,000 மாடுகள். கூட 10 அல்லது 12 ஆட்கள். முன்னால் இருவர் திசை காட்டிப் போவார்கள், நடுவில் பக்கத்துக்கு இருவர் மூவர், கடைசியில் ‘டிராக்’ எனப்படும் இடம். நொண்டி மாடு, சோம்பேறி மாடு, தாயைப் பிரிந்த கன்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வர வேண்டியது அந்த ஆட்களின் வேலை. முன்னால் போகும் மூவாயிரம் மாடுகளின் புழுதி முழுவதும் அவர்கள் மூக்கில்தான். கழுத்தில் கட்டிய கைக்குட்டை இந்த இடத்துக்கு உரியது. முகத்தை மறைத்து வங்கியைக் கொள்ளையடிக்க யாரும் அதைக் கட்டவில்லை. புதுப் பையனுக்கு டிராக்தான் கிடைக்கும். ஒருநாளைக்கு 10 முதல் 15 மைல், அதற்கு மேல் போகக் கூடாது. வேகமாக விரட்டினால் மாடு இளைக்கும், இளைத்த மாட்டுக்கு விலை குறையும். படத்தில் கௌபாய் எப்போதும் நாலுகால் பாய்ச்சலில் வருகிறான். நிஜத்தில் அப்படி வந்தால் மந்தைத் தலைவன் அவனைத் திட்டித் தீர்த்திருப்பான். இரண்டு மூன்று மாதம் மாட்டின் நடைக்கு ஈடாகக் குதிரையை நடத்தத் தெரிந்தவனே நல்ல வேலைக்காரன்.

குதிரை அவனுடையது அல்ல என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். காமிக்ஸ் நாயகன் ஒவ்வொருவனுக்கும் சீட்டி அடித்தால் ஓடிவருகிற, பெயர் வைத்த ஒரு குதிரை உண்டு. மந்தைப் பயணத்தில் ஆளுக்கு ஆறு முதல் பத்துக் குதிரை வரை மாற்றி மாற்றி ஏறுவார்கள். அவை பெரும்பாலும் முதலாளியின் குதிரைகள். சொந்தமாக இருப்பது சேணம் ஒன்றுதான். மாதக் கூலி 25 முதல் 40 டாலர். நல்ல சேணம் ஒன்றுக்கே ஒரு மாதக் கூலி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

சமையல்காரருக்கு இவர்களைவிடச் சம்பளம் அதிகம், அதிகாரமும் அதிகம். 1866-ல் சார்லஸ் குட்நைட் என்ற பண்ணையார் பழைய ராணுவ வண்டியின் பின்பக்கம் அஞ்சறைப் பெட்டிகள் வைத்த ஓர் அலமாரியைப் பொருத்திச் சமையல் வண்டியை உருவாக்கினார். வண்டியைச் சுற்றி மூவாயிரம் மாடுகள் இருந்தாலும் சாப்பாடு பெரும்பாலும் பீன்ஸ், உப்புப் போட்ட பன்றிக்கறி, புளித்த மாவு ரொட்டி, காப்பி. மாடு விற்கிற சரக்கு, தின்பதற்கு அல்ல. இரவு படுக்கும் முன் சமையல்காரர் வண்டியின் ஏர்க்காலை வடதுருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார். மறுநாள் மேகம் மூடியிருந்தாலும் எந்தப் பக்கம் போவது என்று தெரியும்.

ராக்காவல்தான் கொடுமை. இரண்டிரண்டு மணி நேரமாக முறை வைத்து, இருவர் எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றி வருவார்கள். சுற்றும்போது பாடுவார்கள். தேவாலயப் பாட்டு, ஊர்ப்பாட்டு, அதுவும் தீர்ந்தால் வாய்க்கு வந்தது. மனிதக் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு மிரளாது. மிரண்டால் முடிந்தது கதை. ஒரு மின்னல், ஒரு தட்டு விழும் சத்தம், ஒரு குதிரையின் செருமல் போதும். மூவாயிரம் மாடுகளும் ஒரே மூச்சில் எழுந்து இருட்டுக்குள் ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் துப்பாக்கி வெடிப்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று யோசித்துப் பாருங்கள். பல ஆட்கள் துப்பாக்கியைச் சமையல் வண்டியில் போட்டுவிட்டுத்தான் வேலை பார்த்தார்கள். கௌபாய் செத்தது பெரும்பாலும் ஆற்று வெள்ளத்தில், அங்கவடியில் கால் மாட்டிக் குதிரை இழுத்துப் போனதில், மின்னலில். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன கான்சாஸ் மாட்டுச்சந்தை ஊர்கள் ஐந்திலும் சேர்த்து 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ராபர்ட் டிக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் பழைய செய்தித்தாள்களில் தேடி எண்ணினார். மொத்தம் 45. அதற்கு ஒரு காரணம், டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் ஊருக்குள் ஆயுதம் ஏந்துவதே தடை. எல்லையில் பலகை வைத்திருந்தார்கள்.

சந்தை ஊருக்கு வந்து கூலி வாங்கியதும் குளியல், முடிவெட்டு, புதுத்துணி, சாராயம், சீட்டு. அப்புறம் பலர் போன இடம் போட்டோ ஸ்டூடியோ. அந்தப் படங்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. பதினெட்டு இருபது வயதுப் பையன்கள், திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக, கையில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் கொடுத்த துப்பாக்கியும் அதில் உண்டு. ஸ்டூடியோவுக்குள் மாட்டை அழைத்துப் போக முடியாது. மாடு காணாமல் போனதில் முதல் பங்கு அந்தப் பையன்களுக்கே உண்டு என்று தோன்றுகிறது. மூன்று மாதம் புழுதி தின்றவன் ஊருக்கு அனுப்புகிற படத்தில் மாட்டுப் பின்புறத்தையா வைப்பான்?

1883, ஒரே வசந்தம்

அடுத்து நடந்தது அவர்கள் கையில் இல்லை. 1883-ம் ஆண்டின் வசந்தத்தைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

டெக்சாஸின் வடகோடியில் கனேடியன் ஆற்றங்கரையில் டஸ்கோசா என்ற சின்ன ஊர். சுற்றிலும் பெரும் பண்ணைகள். கொஞ்ச காலம் முன்பு வரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்காரன் தன் கூலியில் ஒரு பகுதியைக் கன்றாக வாங்கிக்கொள்ளலாம், சூடு போடாமல் திரியும் மாட்டுக்குத் தன் குறியைப் போடலாம், அவற்றை முதலாளியின் மேய்ச்சலிலேயே விட்டு வளர்க்கலாம். அடுத்த பத்து வருஷத்தில் தானும் ஒரு சின்னப் பண்ணை வைக்கலாம் என்கிற நம்பிக்கையில்தான் அந்தக் கூலிக்கு ஆள் கிடைத்தது. பிறகு போஸ்டன் பணமும் ஸ்காட்லாந்துப் பணமும் வந்தன. எடின்பரோவில் உட்கார்ந்து லாபக் கணக்குப் பார்க்கிறவருக்கு, தன் புல்லை வேலைக்காரனின் மாடு மேய்வது திருட்டாகத் தெரிந்தது. சொந்த மாடு வைக்கக் கூடாது என்றார்கள்.

அந்த ஆண்டு வசந்தகால மாடு வளைப்புக்கு முன்பாக 24 கௌபாய்கள் கூடி ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். மார்ச் 31-க்குப் பிறகு மாதம் 50 டாலருக்குக் குறைந்து வேலை செய்ய மாட்டோம். நல்ல சமையல்காரருக்கும் 50. மந்தையை நடத்திச் செல்கிறவருக்கு 75. ஐந்து பெரும் பண்ணைகளில் வேலை நின்றது. டாம் ஹாரிஸ் என்பவர் முன்னால் நின்றார். கூட்டம் இருநூறு வரை போனதாகச் சொல்கிறார்கள். சில பண்ணைகள் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தன. சில உடனே வேலையை விட்டு நிறுத்தின. முகாம் போட்டு உட்கார்ந்தவர்களிடம் இருந்த சேமிப்பு கரைந்தது. வெளியூரில் வேலை இல்லாமல் திரிந்த இளைஞர்கள் அந்த இடங்களில் சேர்ந்தார்கள். சுமார் இரண்டரை மாதத்தில் எல்லாம் முடிந்தது. பண்ணைகள் தோற்றவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. அவர்களில் சிலர் மாடு திருடுகிறார்கள் என்று குற்றம் சாட்டி, 1884-ல் ஆயுதக் காவல் படை ஒன்றை அமைத்தன. அதன் தலைவராக வந்தவர் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக் கொன்று புகழ்பெற்ற பேட் காரெட். கதைகளில் சட்டத்தின் அடையாளமாக வருகிறவர், இங்கே முதலாளிகள் சம்பளம் கொடுத்து வைத்த ஆள்.

அதே 1883, மே மாதம். வடக்கே நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் வில்லியம் கோடி என்கிற பஃபலோ பில் தன் காட்சியைத் தொடங்கினார். அவர் ராணுவத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர், ரயில்பாதைத் தொழிலாளருக்காகக் காட்டெருமை வேட்டையாடியவர். மாடு மேய்த்துப் பெயர் வாங்கியவர் அல்ல. மைதானத்தில் கோச்சு வண்டியைப் பூர்வகுடியினர் தாக்குவார்கள், துப்பாக்கிகள் முழங்கும், கௌபாய்கள் பாய்ந்து வந்து காப்பாற்றுவார்கள். மாடு முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. கயிறு வீசிப் பிடிக்கவும் முரட்டுக் காளைமேல் ஏறி விழவும் சில மாடுகள் வந்தன. ஆனால் மேய்க்கப்படவில்லை. பக் டெய்லர் என்ற நெட்டையான டெக்சாஸ்காரர் அந்தக் காட்சியின் நட்சத்திரமானார். 1887-ல் அவரை நாயகனாக்கிக் காலணாக் கதைப் புத்தகம் வந்தது. அதே ஆண்டு காட்சி லண்டனுக்குப் போய் விக்டோரியா ராணியின் முன்னால் நடந்தது. காட்சி தொடங்குவதற்குச் சுமார் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான், 1881 டிசம்பரில், ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அரிசோனாவில் கௌபாய் எனப்படும் ஆயுதக் கும்பல் அட்டகாசம் செய்வதாகப் புகார் சொல்லியிருந்தார். அவ்வளவு சீக்கிரம் பெயர் மாறியது.

இரண்டும் ஒரே வசந்தத்தில் நடந்தது தற்செயல்தான். பஃபலோ பில் டஸ்கோசாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஆனாலும் என்னால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் 50 டாலர் கேட்டு உட்கார்ந்திருக்கிறவன், இன்னொரு பக்கம் டிக்கெட் வாங்கியவர்களுக்காகக் குதிரையில் பாய்கிறவன். நிலைத்தவன் இரண்டாமவன்.

யாருடைய மாடு?

என் முடிவு இதுதான். படத்தில் மாடு இருந்தால், அது யாருடைய மாடு என்ற கேள்வி வந்தே தீரும். மாட்டின் விலாவில் சூட்டுக்குறி இருக்கிறது, அந்தக் குறி குதிரையில் இருப்பவனுடையது அல்ல. அப்புறம் முதலாளி யார், கூலி எவ்வளவு, சொந்தமாக ஒரு கன்று ஏன் வைக்கக் கூடாது என்று வரிசையாக வரும். மாட்டை எடுத்துவிட்டுக் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் அவன் யாருக்கும் கட்டுப்படாதவன். யாரும் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பார்க்க வந்தவர்களும் நகரத்தில் யாருக்கோ கீழே வேலை பார்த்தவர்கள்தான். இன்னொரு கூலிக்காரனைப் பார்க்க அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நிஜத்தில் துப்பாக்கியும் சொந்த மாடும் ஒரே தாளில் தடை செய்யப்பட்டிருந்தன. ஆஸ்டினில் மாநிலத் தலைமைக் கட்டடத்தைக் கட்டித் தந்ததற்கு விலையாகச் சிகாகோ முதலீட்டாளர்களுக்கு டெக்சாஸ் அரசு 30 லட்சம் ஏக்கர் நிலம் கொடுத்தது. அதில் உருவான எக்ஸ்.ஐ.டி. பண்ணை 1888-ல் விதிகளை அச்சிட்டது. வேலைக்காரர் கைத்துப்பாக்கி வைக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது, மது கூடாது, பண்ணையில் தன் மாடு வளர்க்கக் கூடாது. பள்ளி விடுதி விதிகளை வாசிப்பதுபோல இருக்கும். சுதந்திர மனிதன் என்று உலகமே கொண்டாடப் போகிற ஒருவனுடைய வேலை ஒப்பந்தம் அது.

வயோமிங்கில் இதே தகராறு ரத்தமானது. 1892 ஏப்ரலில் பெரும் பண்ணையார்கள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, தனி ரயிலில் ஏற்றி ஜான்சன் கவுண்டிக்குப் போனார்கள். முதலில் கொன்றவர்களில் ஒருவர் நேட் சாம்பியன், சொந்தமாகச் சிறு மந்தை வைத்திருந்த கௌபாய். மரவீட்டுக்குள் முற்றுகையில் இருந்தபடியே ஒரு சின்ன நோட்டில் நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். கோபம் கொண்ட ஊர்க்காரர்கள் திரண்டு வந்து அந்தப் படையை வளைத்துக்கொண்டபோது, அவர்களைக் காப்பாற்ற அமெரிக்கக் குதிரைப்படை வந்தது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, ஹார்வர்டில் படித்த ஓவன் விஸ்டர் வயோமிங்கைக் களமாக வைத்து எழுதிய நாவல்தான் பின்னால் வந்த கௌபாய்க் கதைகளுக்கெல்லாம் அச்சு. அதில் நாயகன் பண்ணை மேற்பார்வையாளன். மாடு திருடியதற்காகத் தன் நண்பனையே தூக்கிலிடுகிறவன். அத்தனை பக்கத்திலும் மாட்டு வேலை மிகக் குறைவு. தெருச் சண்டை, பள்ளி ஆசிரியையுடன் காதல், மானம் எல்லாம் இருக்கிறது. கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மாட்டோடு போனவர்கள்

மாடு வெளியேறியபோது கூடவே வேறு பலரும் வெளியேறினார்கள். கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது பரவலான மதிப்பீடு, மெக்சிகர்களும் ஏராளம். அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்ட், குட்நைட்டுடன் மந்தைப் பயணங்களில் போனவர். பணத்தை அவரிடம்தான் குட்நைட் கொடுத்து வைப்பார், ஒரு கறுப்பரின் படுக்கையில் பணம் இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைக்க மாட்டான் என்பதால். 1929-ல் ஐகார்ட் இறந்தபோது குட்நைட் கல் வைத்தார்: நான்கு ஆண்டுகள் என்னோடு இருந்தான், ஒரு வேலையையும் தட்டிக் கழிக்கவில்லை என்கிற பொருளில். பாசம்தான். ஆனாலும் ஒரு முதலாளி வேலைக்காரனுக்குக் கொடுக்கிற நற்சான்றிதழ் போலவே இருக்கிறது.

பில் பிக்கெட் ஓடும் காளையின் கொம்பைப் பிடித்துத் தரையில் சாய்க்கும் வித்தையால் ரோடியோ எனப்படும் கௌபாய் வித்தைப் போட்டிகளில் பேர் பெற்ற கறுப்பர். 1990-களில் அமெரிக்கத் தபால்துறை மேற்கின் நாயகர்கள் வரிசையில் அவருக்கும் தபால்தலை அச்சடித்தது. படத்தில் இருந்தது அவருடைய சகோதரர். தவறு தெரிந்து தாள்களைத் திரும்பப் பெற்று 1994-ல் மறுபடி வரைந்து வெளியிட்டார்கள். தவறான தாள்களில் 1,50,000-ஐக் குலுக்கல் முறையில் சேகரிப்பாளர்களுக்கே விற்றார்கள் என்பது உபரி வேடிக்கை.

எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் மெக்ஜங்கின். இவரும் டெக்சாஸில் அடிமையாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கூடவேலை பார்த்தவர்களிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார், தொலைநோக்கி வைத்து வானம் பார்த்தார். நியூ மெக்சிகோவில் ஃபோல்சம் ஊருக்கு அருகே ஒரு பண்ணையின் மேற்பார்வையாளர். 1908 ஆகஸ்டில் அங்கே பெருவெள்ளம் வந்து ஊரை அடித்துப் போனது. வெள்ளம் வடிந்ததும் வேலி எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கப் போனார். ஓடை ஆழமாக அரித்திருந்த கரையில் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மாட்டு எலும்பைத் தினமும் பார்க்கிறவர், இவை மாட்டினுடையவை அல்ல என்று அவருக்கு உடனே தெரிந்தது. இப்போதிருக்கும் காட்டெருமையைவிடப் பெரியவை, கிடந்த ஆழமும் அதிகம். பல வருஷம் பலரிடம் சொன்னார். வந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. 1922-ல் அவர் இறந்த பிறகுதான் பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவரும் வங்கிக்காரர் ஒருவரும் போய்ப் பார்த்தார்கள். டென்வர் அருங்காட்சியகம் தோண்டத் தொடங்கியது. 1927-ல் அழிந்துபோன காட்டெருமையின் விலா எலும்புகளுக்கிடையே மனிதர் செய்த கல் ஈட்டிமுனை புதைந்தபடியே கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் இருந்தது சில ஆயிரம் ஆண்டுகளாகத்தான் என்ற அன்றைய கருத்து அதோடு சரிந்தது. பனியுகத்தின் முடிவிலேயே வேட்டைக்காரர்கள் அங்கே இருந்தார்கள். வேலி பார்க்கப் போன ஒரு கௌபாய் எடுத்துக் கொடுத்த நூல்முனை அது.

இதைப் படமாக எடுத்தால் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன். ஆனால் துப்பாக்கி எங்கே என்று தயாரிப்பாளர் கேட்பார்.

சந்தைக்கு மீண்டும் வந்தவன்

ஜோசப் கிளிடனின் முள்கம்பி 1874-ல் காப்புரிமை பெற்றது. டெக்சாஸ் மாட்டின் உண்ணியிலிருந்து பரவிய காய்ச்சலுக்குப் பயந்து 1885-ல் கான்சாஸ் தன் எல்லையை மூடியது. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் லட்சக்கணக்கில் விறைத்துச் செத்தன. மொண்டானாவில் ஒரு முதலாளி தன் மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினார். அங்கே கௌபாயாக இருந்த சார்லஸ் ரஸ்ஸல் அஞ்சலட்டை அளவுத் தாளில் ஓர் ஓவியம் வரைந்தார்: பனியில் எலும்பும் தோலுமாக ஒற்றை மாடு, சுற்றிக் காத்திருக்கும் ஓநாய்கள். பதிலாகப் போனது அந்தத் தாள்தான். கௌபாய் கையால் வரைந்த மேற்கில் மாடு நடுவில் இருக்கிறது, குதிரைக்காரனே இல்லை. விலாவில் முதலாளியின் சூட்டுக்குறியும் தெரியும். அந்த ஓவியம்தான் ரஸ்ஸலுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

தொழில் சுருங்கச் சுருங்க உருவம் பெருத்தது. குட்நைட் தொடங்கிய ஜே.ஏ. பண்ணையின் மேற்பார்வையாளர் ஒருவரை 1949-ல் லைஃப் பத்திரிகை படம் பிடித்தது. அந்த முகத்தைப் பார்த்த விளம்பரக்காரர் லியோ பர்னெட், அதுவரை பெண்களுக்கென்று விற்றுவந்த மார்ல்பரோ சிகரெட்டுக்குச் சில ஆண்டுகளில் ஒரு கௌபாயைக் கொண்டுவந்தார். முதலில் நடிகர்கள் வந்தார்கள். 1968-ல் வயோமிங் பண்ணை ஒன்றில் வேலை பார்த்த டேரல் வின்ஃபீல்டைக் கண்டுபிடித்தார்கள். குதிரையில் உட்காரும் விதம் கற்றுக்கொடுத்து வருவதில்லை. அந்த விளம்பரங்களில் தோன்றியவர்களில் வேய்ன் மெக்லாரன், டேவிட் மெக்லீன் போன்றோர் புகைப்பழக்கத்தால் வந்த புற்றுநோயில் இறந்தார்கள். பஃபலோ பில் காலத்தில் கௌபாய் டிக்கெட் விற்றான், இப்போது சிகரெட். மந்தை ஓட்டியதைவிட இதில் புழங்கிய பணம் எத்தனையோ மடங்கு.

டஸ்கோசா இருந்த வட டெக்சாஸில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் கொழுக்க வைக்கும் பட்டிகள். ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் மாடுகள் சோளத் தீவனம் தின்றபடி நிற்கின்றன. பென் ரைடர் என்ற பெயரில் அங்கே குதிரையேறி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டி பட்டியாகப் போய்க் காது தொங்கியது, மூக்கு ஒழுகுவது, கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்பது எது என்று பார்த்துப் பிரித்து மருந்துக்கு அனுப்ப வேண்டும். மாட்டின் கண்ணைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லுகிற திறமை அது. அம்மாவுக்கு அந்த வேலையைச் சொன்னேன். "அதுக்குக் குதிரை எதுக்கு?" என்றாள். பட்டி அவ்வளவு பெரிது என்றேன். "அப்ப சரி. சம்பளம் எவ்வளவு தர்றாங்களாம்?"